குடியை விட்ட பின் ஏறும் எடையும் கொழுப்பும்: குடலில் இருந்து தொடங்குவோம்

குடியை விட்ட மூன்றாவது மாதம் என் பேன்ட் இடுப்பில் ஏறவில்லை. குடித்த காலத்தில் தொளதொளவென்று இருந்த பேன்ட் அது. அதே வாரம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் வந்தது. எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு முன்பைவிடக் கூடியிருந்தது. நல்ல கொழுப்பு என்கிற எச்டிஎல் குறைந்திருந்தது. "இதுக்குக் குடிச்சிக்கிட்டே இருந்திருக்கலாம்" என்று அன்று சாயங்காலம் மனம் சொன்னது. அந்த ஒரு வரியில் இருந்து கடை வாசல் வரைக்கும் எவ்வளவு தூரம் என்பது நம்மைப் போன்றவர்களுக்குத் தெரியும்.

நான் வாரம் ஒருமுறை போகும் கூட்டத்தில், புதிதாக வருகிறவர்கள் பலர் இதையே வேறு வேறு வார்த்தைகளில் சொல்கிறார்கள். குடியை நிறுத்தினால் உடம்பு தானாகத் தேறிவிடும் என்று நம்பி வருகிறார்கள். தொப்பை ஏறியதும் ஏமாந்துபோகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல, குடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்ட ஒருவன். உங்கள் மருத்துவர் சொல்வது இதில் எதற்காவது மாறாக இருந்தால் அவர் பேச்சையே கேளுங்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை

தினமும் குடிப்பவர், காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறவர், நடுக்கம் நிற்க ஒரு கட்டிங் போட வேண்டியிருக்கிறவர் யாரும் வீட்டில் தானாக ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. கடைசிக் குடிக்குப் பிறகு 6 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளில் இருந்து நான்காம் நாள் வரை குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, கேட்பது எல்லாம் வரலாம். இதில் உயிர் போவதுண்டு. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், இல்லையென்றால் 14446 என்ற இலவச எண்ணில் கூப்பிடுங்கள். அங்கே முதலில் தயமின் என்கிற வைட்டமின் பி1 கொடுப்பார்கள். அது குறைந்து கிடக்கும்போது குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கே ஆபத்தாகலாம். அதனால் 'சும்மா ஒரு குளுக்கோஸ் போட்டுக்கிட்டா சரியாயிடும்' என்று பக்கத்துக் கிளினிக்குக்குப் போவதும் வேண்டாம்.

இன்னொன்று. வயிறு மட்டும் முன்னால் தள்ளி, கால் வீங்கி, கண் மஞ்சளாகி எடை ஏறினால் அது கொழுப்பு இல்லை, நீர். கல்லீரல் சுருக்கத்தின் அடையாளமாக இருக்கலாம். அவர்களுக்கான சாப்பாட்டு முறையே வேறு. அதேபோல, எடை ஏறாமல் இறங்கிக்கொண்டே போய், மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தால் கணையத்தைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டு வகையினரும் இங்கே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

எடை ஏன் ஏறுகிறது?

ஒரு குவாட்டர் 180 மில்லி. நம் ஊரில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாவற்றிலும் பொதுவாக ஆல்கஹால் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். கிராமுக்கு 7 கலோரி என்றால் 420 கலோரிக்கு மேல் வரும். இரண்டு கப் சோற்றுக்குச் சமம். அப்படியானால் நிறுத்தியதும் இளைக்கத்தானே வேண்டும்? சிலர் இளைக்கிறார்கள்தான். சாப்பாட்டையும் ஒரு பிடி பிடித்துவிட்டு அதற்கு மேல் குடித்தவர்கள் அவர்கள்.

என்னைப் போல, குடிக்கிற நாளில் சோற்றைத் தொடாமல் மிக்சரும் ஊறுகாயுமாகப் படுத்தவர்களின் கதை வேறு. குடியை நிறுத்திய சில வாரத்தில் பசி திரும்புகிறது. வருடக்கணக்காகப் புண்பட்டுக் கிடந்த குடல் ஆறி, சத்தைச் சரியாக உறிஞ்சத் தொடங்குகிறது. கரைந்துபோன தசை கொஞ்சம் திரும்புகிறது. இந்த வகையில் ஏறும் முதல் இரண்டு மூன்று கிலோவைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். அது உங்களுடைய எடை, திரும்பி வருகிறது.

அதற்கு மேல் ஏறுவதுதான் பிரச்சினை. பெரும்பாலும் அது இனிப்பில் இருந்து வருகிறது. குடி கொடுத்த சுகத்தை மூளை வேறு எதிலாவது தேடும். ஸ்வீட் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காதவன் நான். நிறுத்திய இரண்டாம் வாரம் அரைக் கிலோ ஜாங்கிரியைத் தனியாக உட்கார்ந்து தின்று தீர்த்தேன்.

குடலுக்குள் என்ன நடந்தது?

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இது புரிந்தால் கீழே சொல்கிற எல்லாமே தானாகப் புரியும்.

குடலின் உள்சுவரில் செல்கள் ஒன்றோடொன்று நெருக்கமாக ஒட்டி நிற்கின்றன. சத்தை உள்ளே விட்டு, கிருமியையும் அதன் நச்சையும் வெளியே நிறுத்துவது அந்த ஒட்டுதான். அளவுக்கு மீறிய குடி அந்த ஒட்டைத் தளர்த்துகிறது. குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் குறைந்து, வேண்டாதவை பெருகுகின்றன. அவற்றின் உடல் துண்டுகள் இடுக்கு வழியாகக் கசிந்து ரத்தத்தில் இறங்குகின்றன. குடலில் இருந்து கிளம்பும் ரத்தம் முதலில் போய்ச் சேரும் இடம் கல்லீரல். ஏற்கெனவே குடியில் அடிபட்டுக் கொழுப்பு படிந்து கிடக்கும் கல்லீரலுக்கு இது இரண்டாவது அடி. அழற்சி, இன்சுலின் சரியாக வேலை செய்யாமை, ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்கிற இன்னொரு வகைக் கொழுப்பு ஏறுவது எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு.

நல்ல செய்தியும் இருக்கிறது. குடல் சுவரின் செல்கள் மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை புதிதாகிக்கொண்டே இருப்பவை. பெல்ஜியத்தில் லூவெய்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குடிநோயாளிகளை வைத்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வாரம் குடிக்காமல் இருந்ததிலேயே இந்தக் கசிவு பெருமளவு சரியானது தெரிந்தது. ஆனால் பாக்டீரியாக் கூட்டம் கெட்டுப்போயிருந்தவர்களுக்கு அந்த மூன்று வாரம் முடிந்த பிறகும் மனச்சோர்வு, பதற்றம், குடிக்க வேண்டும் என்ற தவிப்பு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. எனக்கு இதைப் படித்தபோது பெரிய ஆறுதலாக இருந்தது. என் மன உறுதி மட்டும் அல்ல, என் வயிறும் இன்னும் தேற வேண்டியிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

சரி, கொலஸ்ட்ராலுக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம்? கல்லீரல் கொலஸ்ட்ராலை எடுத்துத்தான் பித்த அமிலம் செய்கிறது. அது குடலுக்கு வந்து எண்ணெயைச் செரிக்க வைத்துவிட்டு, சுமார் 95 சதவீதம் திரும்ப உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே போய்விடும். வெண்டைக்காய் நறுக்கும்போது கத்தியில் ஒட்டுகிறதே ஒரு கொழகொழப்பு, அதுதான் கரையும் நார்ச்சத்து. குடலில் அந்தக் கொழகொழப்பு பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியே போய்விடுகிறது. திரும்பி வராததை ஈடுகட்டக் கல்லீரல் புதிதாகச் செய்ய வேண்டும். அதற்கு ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. ரிப்போர்ட்டில் எண் இறங்குவது இப்படித்தான்.

மீதி நாரை நல்ல பாக்டீரியாக்கள் சாப்பிட்டுவிட்டு, பியூட்டிரேட் போன்ற சிறிய கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடல் செல்களுக்கு முக்கிய உணவே அந்த பியூட்டிரேட்தான். ஆக, நாம் நாரைச் சாப்பிட்டால் அதுகள் சாப்பிடும், அதுகள் சாப்பிட்டால் குடல் சுவர் ஆறும்.

படி 1: முதல் மாதம் டயட் வேண்டாம்

எடை ஏறுகிறதே என்று பட்டினி கிடக்காதீர்கள். இரவுச் சாப்பாட்டை விடுவது, ஒருவேளை மட்டும் சாப்பிடுவது எல்லாம் முதல் மாதத்துக்கு ஆகாது. ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்கிற, குடியை விட்டவர்களின் கூட்டங்களில் நான்கு சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: பசி, கோபம், தனிமை, களைப்பு. இந்த நான்கில்தான் மனிதன் வழுக்குவான். வரிசையில் முதலில் நிற்பது பசி.

மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அதைவிட முக்கியம் சாயங்காலம். நீங்கள் வழக்கமாக எத்தனை மணிக்குக் கடைக்குப் போவீர்களோ, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வயிற்றுக்குள் ஏதாவது இருக்க வேண்டும். எனக்கு அது ஏழு மணி. ஆறு மணிக்கெல்லாம் உடம்பு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். வாய் ஊறும், காரமாக எதையாவது கடிக்கத் தோன்றும். குடியைத்தான் விட்டோம், சைடிஷ் இன்னும் நாக்கில் இருக்கிறது. அந்த நேரத்தில் சில்லி சிக்கனோ பஜ்ஜியோ வாங்கினால் கொழுப்பும் ஏறும், பழைய ஞாபகமும் ஏறும்.

அதற்கு நான் கண்ட மாற்று சுண்டல். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு பிடி கறுப்புக் கொண்டைக்கடலையைத் தண்ணீரில் போட்டு மூடி வையுங்கள். சாயங்காலம் வந்து பார்த்தால் இரண்டு மடங்காக உப்பியிருக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு (வாயு குறையும்) புதுத் தண்ணீர் விட்டு, உப்புப் போட்டு, குக்கரில் ஐந்தாறு விசில். ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, வெந்த கடலையைப் போட்டுப் புரட்டுங்கள். மேலே பச்சை மாங்காய் துருவிப் போட்டால் அந்தக் காரமும் புளிப்பும் நாக்கைச் சமாதானப்படுத்தும். ஒரு கப் வெந்த கடலையில் சுமார் 12 கிராம் நார் இருக்கிறது. கூடவே புரதமும். ஒருநாள் கடலை, ஒருநாள் பச்சைப்பயறு, ஒருநாள் காராமணி, ஒருநாள் கொள்ளு என்று மாற்றிக்கொண்டே இருங்கள். முதல் வாரம் அரைக் கப் போதும். வயிறு பழகட்டும்.

இதை உட்கார்ந்து மெதுவாக, ஒவ்வொன்றாகக் கடித்துச் சாப்பிடுங்கள். கையில் வேலை இருக்க வேண்டிய நேரம் அது.

படி 2: நாரை வாரம் வாரமாக ஏற்றுங்கள்

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் புது வழிகாட்டி வெளியிட்டது. 2,000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு ஒரு நாளைக்குக் காய்கறி கீரை 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு வகை 85 கிராம் என்று சொல்கிறது. அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்தே 250 கிராம்தான். நம் வீட்டுத் தட்டை நினைத்துப் பாருங்கள். நடுவில் சோற்று மலை, ஓரத்தில் ஒரு ஸ்பூன் பொரியல். ஒரு கப் வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம் நார்கூடத் தேறாது.

ஒரே நாளில் தலைகீழாக மாற்றினால் வயிறு உப்பி, வாயு பிடித்து, மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள். நான் அப்படித்தான் முதல் தடவை விட்டேன். இப்போது புதிதாக வருகிறவர்களிடம் சொல்வது இது. முதல் வாரம் மதியம் மட்டும் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து ஒரு கரண்டி பொரியலைக் கூட்டுங்கள். அவரை, வெண்டை, கத்தரி, வாழைத்தண்டு, முருங்கைக்கீரை, எது மலிவோ அது. இரண்டாம் வாரம் ஒரு கொய்யாப்பழம் சேருங்கள். 100 கிராமில் ஐந்து கிராமுக்குக் குறையாமல் நார் இருக்கிறது, ஆப்பிளைவிட விலையும் குறைவு. மூன்றாம் வாரம் சுண்டலை முழுக் கப் ஆக்குங்கள். நான்காம் வாரம் ஒரு வேளை அரிசிக்குப் பதில் கம்பு, கேழ்வரகு, வரகு, அல்லது ஓட்ஸ், பார்லி. கடைசி இரண்டிலும் பீட்டா குளுக்கான் என்கிற கரையும் நார் இருக்கிறது. தினம் மூன்று கிராம் அது உள்ளே போனால் எல்டிஎல் குறைகிறது என்பது நன்கு உறுதியான விஷயம். ஓட்ஸில் அது சுமார் 75 கிராமுக்குச் சமம். மசாலா கலந்த பாக்கெட் வேண்டாம். சாதா ஓட்ஸை வாங்கி வெங்காயம், பீன்ஸ், கேரட் போட்டு உப்புமா கிண்டுங்கள்.

இதெல்லாம் செய்தும் எல்டிஎல் அசையவில்லை என்றால் இசப்கோல். மலச்சிக்கலுக்கு என்று நாம் நினைக்கிற அதே உமிதான். தினம் சுமார் 10 கிராம் தொடர்ந்து எடுத்தால் எல்டிஎல் 5 முதல் 10 சதவீதம் வரை இறங்கலாம். ஒரு டீஸ்பூனில் தொடங்குங்கள். பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்கி, கெட்டியாவதற்குள் குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் மருந்தையும் இது பிடித்துக்கொள்ளும்.

படி 3: புளித்த உணவு, அதில் ஒரு ஜாக்கிரதை

வீட்டில் உறை ஊற்றிய தயிர், அதைக் கடைந்த மோர். இதுவே போதும். புரோபயாட்டிக் கேப்சூலுக்குப் பணம் செலவழிக்காதீர்கள், மருத்துவர் எழுதிக் கொடுத்தால் தவிர. இட்லி மாவில் இருக்கும் பாக்டீரியா ஆவியில் வேகும்போது செத்துவிடும். ஆனாலும் உளுந்து சேர்ந்திருப்பதால் வெறும் சோற்றைவிட இட்லி நல்லதுதான்.

பழைய சோற்றுக்கு இப்போது பெரிய மவுசு. அதற்குக் காரணமும் உண்டு. சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காத வகையாக மாறிப் பெருங்குடல் பாக்டீரியாவுக்கு உணவாகிறது. இரவெல்லாம் தண்ணீரில் ஊறும்போது லாக்டிக் அமில பாக்டீரியாவும் பெருகுகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் குடல் அழற்சி நோயாளிகளுக்கு இது எப்படி உதவுகிறது என்று ஆய்வே எடுத்துக்கொண்டார்கள். மோர் விட்டு, சின்ன வெங்காயம் கடித்து, ஒரு கப் சாப்பிடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அளவைக் குறையுங்கள், சோறு சோறுதான்.

இனி ஜாக்கிரதை. குடியை விட்ட முதல் கோடையில் ஒருநாள் காலை பழைய சோற்றுப் பானையின் மூடியைத் திறந்தேன். முந்தின நாள் வெயிலில் அது அதிகமாகவே புளித்திருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும், சோற்றைப் புளிக்கவைத்துச் செய்கிற சுண்டக்கஞ்சி என்கிற போதைக் கஞ்சியின் ஞாபகம் வந்துவிட்டது. கை நடுங்கியது. பானையை அப்படியே கொட்டிக் கழுவிவிட்டு வெளியே போய் நின்றேன். அதற்குப் பிறகு ஒரு வருடம் பழைய சோற்றைத் தொடவில்லை, மோரோடு நிறுத்திக்கொண்டேன். உங்களுக்கும் அப்படி ஏதாவது வாசனை இருந்தால், எவ்வளவு நல்ல உணவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். நல்ல பாக்டீரியாவுக்கு வேறு வழி இருக்கிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து அரிஷ்டம். 'செரிமானத்துக்கு நல்லது, ஆயுர்வேதம்தானே' என்று சொந்தக்காரர்கள் பாட்டிலை நீட்டுவார்கள். அரிஷ்டமும் ஆசவமும் புளிக்கவைத்துத் தயாரிப்பவை, அவற்றில் தானாக உண்டாகிற ஆல்கஹால் இருக்கிறது. லேபிளைப் பாருங்கள், பீரைவிட அதிகமாகக்கூட இருக்கும். கொம்புச்சா என்று இப்போது விற்கிற பானத்திலும் கொஞ்சம் உண்டு. குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற டைசல்பிராம் மாத்திரை எடுப்பவர்கள் இதையெல்லாம் தொடவே கூடாது, சில இருமல் டானிக்குகளையும்தான். 'கல்லீரலைச் சுத்தம் செய்யும்' என்று விற்கும் பொடி, லேகியம் எதையும் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடாதீர்கள். சில மூலிகைகளே கல்லீரலைக் கெடுக்கும்.

படி 4: டீயும் எண்ணெயும்

குடியை விட்டவர்களின் கூட்டத்தில் டீ இல்லாமல் எதுவும் நடக்காது. ஒரு டீக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் 40 கலோரி. ஆறு டீ குடித்தால் 240. குவாட்டரில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது. முதல் மாதம் இதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம், இனிப்பு அந்த நேரத்தில் உங்களைக் காப்பாற்றுகிறது. இரண்டாம் மாதத்தில் இருந்து 'சர்க்கரை கம்மி' என்று சொல்லிப் பழகுங்கள். பாட்டில் குளிர்பானம் மட்டும் முதல் நாளில் இருந்தே வேண்டாம். திரவமாக உள்ளே போகும் சர்க்கரையைக் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றுகிறது. அதுவும் நாம் சோடாவையும் குளிர்பானத்தையும் எதோடு கலந்து குடித்தோம் என்பது நாக்குக்கு மறக்காது.

எண்ணெயில் இரண்டு விஷயம். ரேஷன் பாமாயிலில் கிட்டத்தட்டப் பாதி நிறைவுற்ற கொழுப்பு, அது எல்டிஎல்லை ஏற்றும். தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் மேல். வாங்க முடியாதவர்கள் பாமாயிலையே பாதியாகக் குறைத்தாலும் பலன் உண்டு. ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பொரித்த எண்ணெயைத் திரும்பக் காய்ச்ச வேண்டாம். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மத்தி மீன். தென் மாவட்டங்களில் சாளை என்பார்கள். குழம்பாக வையுங்கள், பொரிக்காதீர்கள். அதில் இருக்கும் ஒமேகா-3 டிரைகிளிசரைடுக்கு நல்லது.

படி 5: ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

நிறுத்திய இரண்டாம் வாரமே லேபுக்கு ஓடாதீர்கள். ஆறு முதல் எட்டு வாரம் ஆகட்டும். முந்தின இரவு சாப்பிட்டு 10-12 மணி நேரம் கழித்து, வெறும் வயிற்றில் கொடுங்கள். தண்ணீர் குடிக்கலாம்.

முதலில் இறங்குவது டிரைகிளிசரைடு. 150க்குக் கீழே வர வேண்டும். 500ஐத் தாண்டியிருந்தால் கணையம் வீங்கும் அபாயம், அன்றே மருத்துவரைப் பாருங்கள். காமா ஜிடி என்கிற கல்லீரல் எண்ணும் சில வாரத்தில் இறங்கும். எனக்கு அந்த எண்ணைப் பார்ப்பதில்தான் சந்தோஷம், ஏனென்றால் குடிக்காமல் இருக்கிறோம் என்பதற்கு உடம்பு கொடுக்கும் சான்று அது.

எச்டிஎல் குறையும். பயப்படாதீர்கள். குடி எச்டிஎல்லைச் செயற்கையாக ஏற்றி வைத்திருந்தது, அது உங்கள் இதயத்தைக் காக்கவில்லை. எல்டிஎல் சிலருக்குக் கொஞ்சம் ஏறும். ஜப்பானில் ஆண்டுதோறும் உடல் பரிசோதனைக்கு வருகிறவர்களை வைத்து 2025இல் வெளியான ஆய்வு ஒன்றிலும், குடியை நிறுத்தியவர்களுக்கு எல்டிஎல் ஏறி எச்டிஎல் குறைந்தது தெரிந்தது. ஆக, என் ரிப்போர்ட்டில் பார்த்தது என் தோல்வி இல்லை. பலருக்கும் நடப்பதுதான். ஆனால் 'நடப்பதுதான்' என்று விட்டுவிடவும் கூடாது. மேலே சொன்ன நாரும் எண்ணெய்க் கட்டுப்பாடும் அந்த எல்டிஎல்லுக்குத்தான். டிரைகிளிசரைடு 400க்கு மேல் இருந்தால் கணக்குப் போட்டுச் சொல்லும் எல்டிஎல் சரியாக இருக்காது, நேரடியாக அளக்கச் சொல்லுங்கள். தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது குறைந்திருந்தாலும் கொழுப்பும் எடையும் ஏறும்.

மருத்துவர் எல்டிஎல்லைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதினால் 'நான் சுண்டல் சாப்பிடுகிறேன்' என்று மறுக்காதீர்கள். சர்க்கரையோ, ஏற்கெனவே மாரடைப்போ இருப்பவர்களுக்கு உணவு மட்டும் போதாது. குடித்த வரலாற்றை மறைக்காமல் சொல்லுங்கள், எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை அதை வைத்துத்தான் அவர் முடிவு செய்ய முடியும்.

படி 6: எடையும் நடையும்

இரண்டாம் மாதத்தில் இருந்து எடையைக் குறைக்கத் தொடங்கலாம். வாரம் ஒருநாள், காலையில், வெறும் வயிற்றில் எடை பாருங்கள். தினமும் பார்த்தால் மனம்தான் கெடும். நம் மக்களுக்குப் பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 23க்குள் இருக்க வேண்டும், 25க்கு மேல் போனால் உடல் பருமன். 165 செ.மீ. உயரம் உள்ளவருக்கு 62 கிலோ வரை சரி, 68ஐத் தாண்டக் கூடாது. எடை மிஷின் இல்லாதவர்கள் இடுப்பை அளக்கலாம். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ.

வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறைக்க ஆசைப்படாதீர்கள். 80 கிலோ இருப்பவர் நான்கு கிலோ குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு கரையத் தொடங்கும். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்து, உடனே ஒரு 15 நிமிடம் நடங்கள். ரத்தச் சர்க்கரை, டிரைகிளிசரைடு இரண்டுக்கும் சாப்பாட்டுக்குப் பிந்தைய நடை நல்லது. காலையில் ஒரு அரை மணி நேரம் சேர்த்தால் இன்னும் நல்லது. நடக்கும் பாதையை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். பழைய கடை இருக்கும் தெரு வழியாக வேண்டாம், சுற்று வழியானாலும் பரவாயில்லை. தூக்கம் முதல் சில வாரம் கெட்டுத்தான் இருக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழுக்கிவிட்டால்

நடக்கும். அன்று ராத்திரியே 'எல்லாம் போச்சு, இனி என்ன சுண்டல், என்ன நடை' என்று தோன்றும். ஒருநாள் குடித்ததில் இரண்டு மாதம் ஆறிய குடல் முழுவதும் பழையபடி ஆகிவிடாது. மறுநாள் காலை யாரிடமாவது சொல்லுங்கள். மனைவி, அண்ணன், கூட்டத்தில் இருக்கும் நண்பர், யாராவது ஒருவர். தொடர்ந்து பல நாள் குடித்துவிட்டீர்கள் என்றால், தானாக நிறுத்தாமல் முதல் எச்சரிக்கைக்குத் திரும்பிப் போங்கள். ஒருநாள்தான் என்றால் தண்ணீர் நிறையக் குடியுங்கள், காலையில் மோரும் இட்லியும் சாப்பிடுங்கள், மதியம் சோறு, பொரியல். சாயங்காலத்துக்கு இப்போதே ஒரு பிடி கடலையை ஊறப் போடுங்கள்.